கொலஸ்ட்ராலைக் குறைக்கும் உணவுகள்: நம் வீட்டு அடுப்படியிலிருந்து தொடங்குவோம்

உடல் ஆரோக்கியம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களில் அதிகமானோர் ஏமாந்துபோகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை அப்படியே பொருந்துகிறது. அது கூடும்போது வலிக்காது, காய்ச்சல் வராது. பல பேருக்கு முதல் அறிகுறியே மாரடைப்புதான்.

நெய்வேலியில் நாம் சந்திக்கும் குடும்பங்களில் இது பற்றி இரண்டு விதமான பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. “கறியை நிறுத்திவிட்டேன், இனி பயமில்லை” என்பது ஒன்று. “மாத்திரையை விட்டுவிட்டுக் கருஞ்சீரகம் சாப்பிடுகிறேன்” என்பது இன்னொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் முழுதாக நம்பினால் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே உணவு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கொலஸ்ட்ரால் என்றால் என்ன?

கொலஸ்ட்ரால் ஒரு விஷம் அன்று. உடலின் ஒவ்வொரு செல்லுக்கும், ஹார்மோன்களுக்கும், பித்த நீருக்கும் அது தேவை. அதில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் அதைச் சுமந்து செல்பவற்றில் எல்.டி.எல். அதிகமானால் ரத்தக் குழாய்ச் சுவரில் படிகிறது. எச்.டி.எல். மீதியைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டு செல்கிறது. ட்ரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் ஓடும் கொழுப்பு. சர்க்கரையும் மாவுச்சத்தும் மிஞ்சும்போது அது ஏறும்.

பரிசோதனைத் தாளில் பார்க்க வேண்டிய அளவுகள் (ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்):
- மொத்தக் கொலஸ்ட்ரால்: 200-க்குக் கீழ்
- எல்.டி.எல்.: 100-க்குக் கீழ் இருப்பது நல்லது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் 70-க்கும் கீழே கொண்டுவரச் சொல்வார்
- எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல்
- ட்ரைகிளிசரைடு: 150-க்குக் கீழ்

கறி மட்டும்தான் காரணமா?

தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வின் முடிவுகள் 2014-இல் வெளியாயின. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 13.9 விழுக்காடு. ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 விழுக்காடு. நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். குறைந்திருந்தவர்களோ 72.3 விழுக்காடு!

இதிலிருந்து என்ன தெரிகிறது? நம் மக்களின் பிரச்சினையில் பெரும்பங்கு வெள்ளைச் சோறு, பரோட்டா, சீனி போட்ட டீ, உட்கார்ந்தே கழியும் பொழுது ஆகியவற்றில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு வேளை கறியாணம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நாள்தோறும் மூன்று வேளை தட்டு நிறையச் சோறும், மாலையில் போண்டாவும் தொடர்ந்தால் பரிசோதனைத் தாள் மாறாது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிவழி, கறிக்கு மட்டுமின்றிச் சோற்றுக்கும் உரியதுதான்.

எண்ணெயில் கவனம்

எல்.டி.எல்.-ஐ அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கும், நெய்யில் பாதிக்கு மேலும், ரேஷன் கடையில் வாங்கும் பாமாயிலில் ஏறத்தாழ பாதியும் இந்தக் கொழுப்புதான். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. பாமாயிலைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள குடும்பம் அதைப் பொரிப்பதற்குப் பயன்படுத்தாமல், தாளிப்பதற்கு மட்டும் அளவாக வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணெயானாலும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணெய் பாக்கெட்டில் “கொலஸ்ட்ரால் இல்லாதது” என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் சொல்லத்தக்க அளவு கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. பாமாயிலும் அப்படித்தான்.

வனஸ்பதியில் உருவாகும் ட்ரான்ஸ் கொழுப்பு இன்னும் மோசமானது. அது எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐ இறக்கும். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆனால் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிக்கும் சட்டிக்கு எந்த லேபிளும் இல்லை. வீட்டில் பொரித்த எண்ணெயை மறுநாளும் பொரிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

தல்பீனாவும் நோன்புக் கஞ்சியும்

பசியை ஆற்றுவதோடு உடலுக்கு ஒரு குறிப்பிட்ட நன்மையையும் தரும் உணவை இன்று ‘செயல்பாட்டு உணவு’ என்கிறார்கள். அவற்றில் முதலிடம் கரையும் நார்ச்சத்துள்ள தானியங்களுக்கு உண்டு. இந்த நார் குடலில் பசைபோல ஆகிப் பித்த நீரைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்த நீர் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. எல்.டி.எல். இறங்குகிறது.

பார்லியிலும் ஓட்ஸிலும் உள்ள இந்த நாரின் பெயர் பீட்டா குளுக்கான். நாளைக்கு 3 கிராம் கிடைத்தால் பலன் தெரியும். அதற்கு ஏறத்தாழ 75 கிராம் பார்லி அல்லது ஓட்ஸ் வேண்டும். துயரத்தில் இருப்பவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பார்லி மாவில் காய்ச்சிய தல்பீனாவை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பரிந்துரைத்த செய்தி புகாரியில் உண்டு. அது மனதுக்கு ஆறுதல் தரும் உணவாகச் சொல்லப்பட்டது. அதே கஞ்சி எல்.டி.எல்.-ஐக் குறைக்கவும் உதவும் என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பார்லியை வேகவைத்து, நீரை மட்டும் வடித்துக் குடித்துவிட்டுத் தானியத்தைக் கொட்டினால் நாரில் பெரும்பகுதி வீணாகிறது.

நம் நோன்புக் கஞ்சியில் வெந்தயமும் பாசிப்பருப்பும் சேர்த்த பெரியவர்களின் பழக்கம் அருமையானது. இரண்டிலும் நல்ல நார் உண்டு. அரசு ரமளானில் பள்ளிவாசல்களுக்குத் தரும் பச்சரிசியில் காய்ச்சும் கஞ்சியை நாம் மாற்ற வேண்டியதில்லை. வீட்டில் காய்ச்சும்போது அரிசியில் பாதியைக் குறைத்துப் பார்லி அல்லது வரகு சேர்க்கலாம். பருப்பைக் கூட்டி, தேங்காய்ப்பாலைக் குறைக்கலாம். கஞ்சியோடு வரும் சமோசாவும் வடையும்தான் பெரும்பாலும் கணக்கைக் கெடுப்பவை.

வெந்தயத்தைப் பற்றி ஒரு விளக்கம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்கு வெந்தயம் தந்தபோது கொலஸ்ட்ரால் குறைந்தது. ஆனால் அவர்கள் கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயத் தூள், நாளைக்கு 100 கிராம்! காலையில் நாலு வெந்தயம் விழுங்கிவிட்டு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. தினமும் ஓரிரு தேக்கரண்டி ஊறவைத்துச் சேர்ப்பது நல்லது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

நம் மாவட்டத்தின் விளைச்சல்

விலை உயர்ந்த வெளிநாட்டு விதைகளைத் தேட வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்தின் மண்ணே நமக்குப் போதுமானதைத் தருகிறது.

மல்லாட்டை: விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் விளையும் மல்லாட்டையை வேகவைத்தோ வறுத்தோ, உப்பின்றி, நாளைக்கு ஒரு கைப்பிடி சாப்பிடலாம். மாலை நேர போண்டாவுக்குப் பதிலாக இது இருக்க வேண்டும், அதோடு சேர்த்து அன்று.

முந்திரி: பண்ருட்டி முந்திரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி நல்ல வகை. நெய்யில் வறுத்துச் சாப்பிடும்போதுதான் கெடுகிறது.

மீன்: கடலூர், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்து வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் ஒமேகா-3 நிறைந்தவை. அவை ட்ரைகிளிசரைடைக் குறைக்கும். வாரம் இருமுறை குழம்பாக வைக்கலாம். மீன் எண்ணெய் மாத்திரையின் உறை எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்ற சந்தேகமும் மீன் சாப்பிடுபவருக்கு இல்லை.

வரகு, கம்பு, கேழ்வரகு, கொய்யா, வெண்டைக்காய், கொண்டைக்கடலை: வெள்ளைச் சோற்றின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இவற்றுக்குக் கொடுங்கள்.

விருந்தும் குர்பானியும்

கறி ஹலால், அளவு நம் பொறுப்பு. கொழுப்பைக் கழித்த கறியை வாரம் ஓரிரு முறை சாப்பிடுவது பெரும்பாலோருக்குப் பிரச்சினையில்லை. மூளையில் கொலஸ்ட்ரால் மிக மிக அதிகம், ஈரலிலும் அதிகம். அளவு கூடியவர்கள் தவிர்ப்பது நல்லது. ஆணத்தை முதல் நாள் வைத்து, மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிட்டுச் சூடாக்கினால் கணிசமாகக் குறையும். குர்பானி இறைச்சியை உறவினருக்கும் ஏழைகளுக்கும் பங்கிடும் நடைமுறையை முழுமையாகப் பின்பற்றினால் மாதக்கணக்கில் ஃப்ரீசரில் வைத்துத் தினமும் சமைக்கும் நிலையே வராது.

ஷிப்ட் வேலையும் வீட்டுப் பெண்களும்

சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு உணவு நேரம் மாறிக்கொண்டே இருக்கும். இரவு ஷிப்டில் பரோட்டாவும் அடிக்கடி டீயும் என்று இல்லாமல், வீட்டிலிருந்து சுண்டலோ கம்பங்கூழோ கொண்டுபோவது நல்லது.

சுரங்க ஊழியர்களுக்குச் சட்டப்படி அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை உண்டு. வீட்டிலிருக்கும் தாய்மார்களை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எல்.டி.எல். ஏறுவது இயல்பு. தைராய்டு குறைவும் அதை ஏற்றும். நாற்பதைக் கடந்த மனைவியையும் தாயையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது குடும்பத் தலைவரின் கடமை. எச்.டி.எல். கூட நடை வேண்டும், பீடி சிகரெட்டை விட வேண்டும். பள்ளிக்கு வண்டியில் வராமல் நடந்து வந்தால் நன்மையும் உண்டு, நலமும் உண்டு.

உணவு எவ்வளவு குறைக்கும்?

கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நார்ச்சத்து, பாதாம், சோயா, தாவர ஸ்டெரால் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மாதம் உணவு கொடுத்தார்கள். எல்.டி.எல். ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு 31. ஆனால் அந்த உணவு அளந்து கையில் கொடுக்கப்பட்டது. 2011-இல் வெளியான அடுத்த ஆய்வில், ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டில் சமைக்கவிட்டபோது ஆறு மாதத்தில் குறைந்தது 13 விழுக்காடு அளவுக்குத்தான்.

எனவே அளவு சற்றே கூடியவர், மருத்துவர் சம்மதித்தால், மூன்று மாதம் உணவை மாற்றிப் பார்த்து மறுபடி பரிசோதிக்கலாம். எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், குடும்பத்தில் இளவயதிலேயே இதய நோய் கண்டவர் ஆகியோருக்கு உணவு மட்டும் போதாது. அவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கருஞ்சீரகத்தின் சிறப்பு பற்றிய ஹதீஸை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். அதே நபி (ஸல்) அவர்கள்தான் மருத்துவம் செய்துகொள்ளும்படியும் ஏவினார்கள். ஒரு ஹதீஸைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விடுவது சுன்னத் ஆகாது. கருஞ்சீரகம் கொலஸ்ட்ராலைச் சிறிதளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. மாத்திரையோடு உணவில் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

நோன்பு காலத்தில் இந்த மாத்திரையை இஃப்தாருக்குப் பின்னரோ ஸஹரிலோ எடுக்கும்படி மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். பரிசோதனைக்காக ரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது.

இந்த வாரமே வீட்டில் எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள். இரண்டு நாள் சோற்றுக்குப் பதில் வரகோ பார்லியோ சமையுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்குப் பரிசோதனை செய்யுங்கள். முயற்சி நம்முடையது, ஷிஃபா அல்லாஹ்விடம். வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.