காந்தம் மறந்த சூடு

சால்டரிங் ஸ்டேஷன் வாங்கப் போகிறீர்கள். 'எத்தனை வாட்ஸ் சார் வேணும்?' என்பார் கடைக்காரர். முதல் கேள்வியே தப்பு! ஏன் என்பதற்கு ஒரு குட்டி சரித்திரம் இருக்கிறது.

1921. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பவர் மின்சார சால்டரிங் அயர்னைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தார். கரி அடுப்பிலிருந்து விடுதலை! ஆனால் ஒரு வில்லங்கம். சும்மா வைத்திருந்தாலும் சூடு ஏறிக்கொண்டே போகும். ஈயம் உருக 190 டிகிரி போதும். முனையோ 400-ஐத் தொடும். போர்டிலிருந்து செம்புத் தடம் உரிந்து கையோடு வந்துவிடும்.

தீர்வு பியர் கியூரியிடம் இருந்தது. மேரி கியூரியின் கணவரேதான். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் இரும்பு காந்த குணத்தை இழப்பதை, 1895-ல், அவர்களுக்குக் கல்யாணமான அதே வருஷம், ஆராய்ச்சிக் கட்டுரையில் அளந்து காட்டினார்.

1960 வாக்கில் அமெரிக்காவின் கார்ல் வெல்லர் அதைப் பிடித்துக்கொண்டார். முனையின் பின்னால் சின்ன உலோகக் கட்டி. காந்தம் அதோடு ஒட்டினால் சுவிட்ச் ஆன். சுமார் 370 டிகிரியில் கட்டி காந்தத்தை மறந்துவிடும். 'டிக்'... ஆஃப்! ஆறினால் மறுபடி ஆன்.

பிறகு ஜப்பானின் ஹாக்கோ '936' வந்தது. காந்தத்துக்குப் பதில் சென்ஸார், திருக ஒரு குமிழ். சீனாவில் அதற்கு ஏகப்பட்ட நகல்கள். இன்று சொற்பக் காசுக்கு ஸ்டேஷன் கிடைப்பது அந்தப் புண்ணியத்தில்தான்.

ஆகவே, கடைக்காரரைத் திருப்பிக் கேளுங்கள்: 'குமிழ் இருக்கட்டும், உள்ளே சென்ஸார் இருக்கா? மாற்று முனை கிடைக்குமா? எர்த் உண்டா?'

மூன்றுக்கும் தலையாட்டினால், விலை குறைந்ததையே தைரியமாக வாங்கலாம்.