தோலாடைப் பராமரிப்பு: அறிய வேண்டியவையும் மறக்கக் கூடாதவையும்

தோலைத் தொடுபவர் தீட்டுக்குரியவர் என்றது சாதி. அதே தோல், மேலாடையாகக் கடைக்கு வந்ததும் அந்தஸ்தின் அடையாளமாகிவிடுகிறது. இடையில் இருப்பது உழைப்பாளரின் அறிவு. அதனை அறிந்தால்தான் தோலாடையைச் சரியாகப் பேண இயலும் என்பதால், இரண்டையும் சேர்த்தே விளக்குகிறோம்.

தோல் உருவாகும் முறை

உப்பிடாத பச்சைத்தோல் விரைவில் அழுகும். அதனை ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு மயிர் நீக்கி, உட்புறச் சதையைச் சீவிய பின்னரே பதனிடுதல் தொடங்குகிறது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. இன்று ஆடைத்தோலுக்குப் பெரும்பாலும் குரோமிய உப்புகளே பயன்படுகின்றன. பின்னர் தோலின் இழைகளுக்குள் எண்ணெய் ஏற்றப்படுகிறது. ஆடையின் மென்மை அந்த எண்ணெயால் வருவதே.

பேணும் முறை

எனவே, எண்ணெயைக் காப்பதே பராமரிப்பின் அடிப்படை. சலவை இயந்திரமும் வெந்நீரும் சலவைத்தூளும் அதனை வெளியேற்றும். உலர்ந்ததும் தோல் விறைத்துச் சுருங்கும்.

- தூசியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். அழுக்கிருப்பின், மென்மையான சோப்பு கலந்த நீரில் துணியை நனைத்து, நன்கு பிழிந்து துடைக்கலாம். முதலில் உள்மடிப்பில் சோதித்துப் பார்ப்பது நல்லது.
- எண்ணெய்க் கறையைத் தேய்க்கக் கூடாது. சோளமாவு தூவி ஓர் இரவு விட்டுத் துடைக்க வேண்டும்.
- நனைந்த ஆடையை நிழலில், அகலமான தோள்பட்டையுடைய மாட்டியில் உலர்த்த வேண்டும். வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் ஆகா.
- தேங்காய் எண்ணெய் நிறத்தைக் கருமையாக்கும். தோலுக்கென விற்கப்படும் கண்டிஷனரை ஆண்டுக்கு இருமுறை மெல்லியதாகப் பூசினால் போதும்.
- நெகிழி உறை பூஞ்சையை வளர்க்கும். மழைக்காலத்தில் பருத்தி உறையே ஏற்றது.
- ஸ்வேட் வகைத் தோலுக்கு ஈரம் ஆகாது. மென் தூரிகை போதும்.

சட்டம் சொல்வது

பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்ததன் மீது, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநிறுத்தியது.

தோலின் தொடக்கமான விலங்குச் சடலத்தை அகற்றும் வேலையோ சாதியின் பெயரால் சுமத்தப்பட்டது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அதன்பின் அம்மாநிலத்தில் பல இடங்களில் தலித்துகள் சடலம் அகற்ற மறுத்தனர்.

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ, அச்சமூகங்களைச் சாராத ஒருவர் விலங்குச் சடலத்தை அகற்றவோ சுமக்கவோ செய்வது, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஐ) பிரிவின்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைச் சேர்த்தது. ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ எனக் காவல் நிலையத்தில் சொன்னால், முதல் தகவல் அறிக்கைக்கு முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்னும் 18ஏ பிரிவைச் சுட்டுங்கள். புலனாய்வு செய்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.