நாற்பது ரூபாய்த் தண்ணீர்

1927 மார்ச். பம்பாய் மாகாணம், கொலாபா மாவட்டத்து மகாடில் தீண்டாதார் மாநாட்டுக்குப் பந்தல் போட்டாயிற்று. கொங்கண் கிராமங்களிலிருந்து ஜனம் வந்து இறங்குகிறது. இத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணீர்? ஊருக்குள் குளம் இருக்கிறது. சவதார் குளம், மராத்தியில் 'சுவையான' என்று பொருள். தீண்டாதாராக ஒதுக்கப்பட்ட மகர் சாதியினர் அதில் இறங்கக் கூடாது. சாதி இந்துக்களிடம் 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள்.

சட்டம் தடுத்ததா என்றால், இல்லை. பொது நீர்நிலைகள் தீண்டாதாருக்கும் உரியவை என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை 1923இலேயே பம்பாய் சட்டசபை நிறைவேற்றிவிட்டது. அடுத்த ஆண்டே மகாட் நகராட்சியும் வழிமொழிந்தது. காகிதத்தில் குளம் திறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆடு மாடு குடித்தன, முஸ்லிம்கள் குடித்தார்கள். மகர் மட்டும் படி இறங்கவில்லை.

மார்ச் 20 அன்று இறங்கினார்கள். முன்னால் போனவர் அம்பேத்கர். வயது 35, கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த பாரிஸ்டர். பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது அவர் குழாயைத் தொட முடியாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தாகத்தோடுதான் வீடு திரும்ப வேண்டும். அந்தக் கை இப்போது குனிந்து குளத்து நீரை அள்ளிக் குடித்தது. பின்னால் வந்தவர்களும் அள்ளினார்கள்.

அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்களாம் என்று எவரோ கிளப்பிவிட்டார்கள். தடிகளோடு ஒரு கும்பல் பந்தலுக்குள் பாய்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அடி; சோறு மண்ணோடு மண்ணாயிற்று. தப்பி ஓடியவர்களுக்கு முஸ்லிம் வீடுகள் கதவு திறந்தன. பிறகு குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள்: 108 குடம் நீரை மொண்டு வெளியே கொட்டி, சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்து உள்ளே ஊற்றினார்கள். மாடு குடித்தபோது கெடாத நீர்!

ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே வாபஸ் வாங்கியது. டிசம்பரில் மறுபடி ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பந்தலுக்கு நிலம் தந்தவர் ஒரு முஸ்லிம். அதற்குள் சாதி இந்துக்கள் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியிருந்தார்கள். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிந்தது. அதை எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே ஒரு பிராமணர். தண்ணீரை மட்டும் யாரும் தொடவில்லை. தடையை மீற வேண்டாம் என்று அம்பேத்கர் கூட்டத்தைக் கட்டுப்படுத்தினார். எரித்ததைவிட இதுதான் கடினமான காரியம் என்பேன்.

வழக்கு நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 'காலங்காலமாக வந்த வழக்கம்' என்பது சாதி இந்துக்களின் வாதம். அது நிரூபணமாகவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளியது. தீர்ப்பெழுதியவர் நீதிபதி புரூம்ஃபீல்டு; 1922இல் காந்திக்கு ஆறாண்டு சிறை விதித்த அதே வெள்ளைக்காரர். தேதி 1937 மார்ச் 17. அம்பேத்கர் குனிந்து அள்ளிய நாளிலிருந்து பத்து வருஷத்துக்கு மூன்று நாள் குறைவு.

(தொடரும்)