சொக்கோல் (பெயர்)

சொக்கோல் என்பது சிலாவிய மொழிகளில் வல்லூற்றைக் குறிக்கும் சொல் ஆகும். இச்சொல் குடும்பப் பெயராகவும் ஊர்ப் பெயராகவும் வழங்குகிறது. 1862 இல் பிராகா நகரில் தோன்றிய உடற்பயிற்சி இயக்கம் ஒன்றின் பெயராக இது உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது.

சொல்

உருசிய, செக் மொழிகளில் *சொக்கோல்* என்றும், உக்ரைனிய மொழியில் *சொக்கில்* என்றும், செர்பிய மொழியில் *சோக்கோ* என்றும் இச்சொல் வழங்குகிறது. சிலாவிய மொழிகளுக்கு நெருங்கிய உறவுடைய லித்துவேனிய மொழியில் வல்லூறு *சாக்கலாஸ்* எனப்படுகிறது. தென் சிலாவியரின் வாய்மொழிக் கதைப்பாடல்களில் வீரனை வல்லூறு என்று அழைப்பது மரபாகும்.

குடும்பப் பெயரும் ஊர்ப் பெயரும்

பறவை, விலங்குகளின் பெயர்களை மனிதருக்கு இடும் வழக்கம் பண்டைய சிலாவியரிடம் இருந்தது. உடைமையைக் குறிக்கும் *ஓவ்* விகுதி சேர்ந்து உருவான *சொக்கலோவ்* (பெண்பால்: *சொக்கலோவா*) உருசியாவின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களுள் ஒன்றாகும். மாஸ்கோவின் *சொக்கோல்னிக்கி* பகுதியின் பெயர், வல்லூறு கொண்டு வேட்டையாடுவோரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

சொக்கோல் இயக்கம்

ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் செக் மக்கள் வாழ்ந்த காலத்தில், மிரோஸ்லாவ் திர்ஷ், இந்திரிக் ஃபியுக்னர் ஆகியோர் 1862 பெப்ரவரி 16 அன்று பிராகாவில் உடற்பயிற்சிச் சங்கம் ஒன்றை நிறுவினர். தென் சிலாவியரின் வீர மரபை நினைவூட்டும் சொக்கோல் என்ற பெயரை எமானுவேல் தொன்னர் முன்மொழிந்தார். 1864 முதல் அது சங்கத்தின் பெயரானது. சங்கத்தின் கொடியை ஓவியர் யோசெஃப் மானெஸ் வடிவமைத்தார். 1882 முதல் நடைபெற்ற பெருவிழாக்களும் பறவைக் கூட்டம் ஒன்றுசேர்வதைக் குறிக்கும் *ஸ்லெத்* என்ற சொல்லாலேயே அழைக்கப்பட்டன. லியூப்லியானா (1863), லிவிவ் (1867) முதலிய நகரங்களிலும் இதே பெயரில் சங்கங்கள் தோன்றின. 1865 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறியோர் ஒரு சங்கத்தைத் தொடங்கினர்.

தடைகள்

செக் மக்களின் தேசிய உணர்வோடு பிணைந்திருந்ததால், அடுத்தடுத்து வந்த ஆட்சிகள் இவ்வியக்கத்தை ஒடுக்கின.

* 1915: முதல் உலகப் போரின்போது ஆஸ்திரிய அரசு இதனைக் கலைத்தது.
* 1941: நாட்சி ஆட்சி இதனைத் தடைசெய்தது. அக்டோபர் 7-8 இரவில் இயக்கத் தலைவர்கள் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டனர். பலர் வதைமுகாம்களில் உயிரிழந்தனர். எஞ்சிய உறுப்பினர் பலர் எதிர்ப்பியக்கத்தில் ஈடுபட்டனர்.
* 1948: பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் நடந்த ஸ்லெத் ஊர்வலத்தில், பங்கேற்றோர் புதிய தலைவர் கிளெமென்ட் காட்வால்டை ஏறிட்டும் பாராமல் அவரைக் கடந்து சென்றனர். பின்னர் பல உறுப்பினர்கள் நீக்கப்பட்டனர். இயக்கம் அரசின் விளையாட்டு அமைப்புக்குள் கரைக்கப்பட்டது.

அதே 1948 இல், செருமானியர் வெளியேற்றப்பட்ட பால்கெனாவ் நகரம் இவ்வியக்கத்தின் நினைவாகச் *சொக்கலோவ்* எனப் பெயர் மாற்றப்பட்டது. இயக்கம் ஒடுக்கப்பட்ட பின்னரும் நகரின் பெயர் நீடித்தது. புலம்பெயர்ந்த செக் மக்களின் சங்கங்களிலும் சொக்கோல் என்ற பெயர் தொடர்ந்து வழங்கியது. 1990 இல் இயக்கம் தாய்நாட்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. 1994 இல் பிராகாவில் ஸ்லெத் மீண்டும் நடைபெற்றது.

விண்வெளியில்

1962 இல் வஸ்தோக் 3 விண்கலத்தில் பறந்த அந்திரியான் நிக்கலாயெவின் வானொலி அழைப்புப் பெயர் சொக்கோல் ஆகும். 1971 இல் சோயூஸ் 11 விண்கலம் பூமிக்குத் திரும்புகையில் அதன் அறையிலிருந்த காற்று வெளியேறியதால், அழுத்த உடை அணியாதிருந்த மூன்று வீரர்களும் இறந்தனர். இதன் பின்னர் உருவாக்கப்பட்ட அழுத்த உடைக்குச் சொக்கோல் என்று பெயரிடப்பட்டது. 1973 செப்டம்பரில் சோயூஸ் 12 பயணத்தில் இது முதன்முதலாக அணியப்பட்டது. இதன் மேம்பட்ட வகை 1980 முதல் பயன்பாட்டில் உள்ளது.