செவ்வரிசியின் நிறமும் நொதியும்: காரைக்கால் நெல் வரலாற்றை முன்வைத்து

காவிரிப் படுகையின் கடைமடையில் அமைந்த காரைக்கால், 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. அதன் வேளாண்மையில் நெல்லே முதன்மைப் பயிர். 'மரபு நெல் சிவப்பு, நவீன நெல் வெள்ளை' என்னும் கருத்து இப்படுகையின் நெல் வரலாறு குறித்துப் பரவலாக நிலவுகிறது. அது எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை நிறமியை உருவாக்கும் நொதியின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

அரிசியின் தவிட்டடுக்கில் காணப்படும் செந்நிறம் புரோஆந்தோசயனிடின் என்னும் ஃபிளேவனாய்டு சேர்மத்தால் அமைவது. அதன் உருவாக்கத்தில் டைஹைட்ரோஃபிளேவனால் ரிடக்டேஸ் என்னும் நொதி இன்றியமையாதது. ஆர்.டி. என்னும் மரபணு இந்நொதியைத் தருகிறது, ஆர்.சி. என்னும் மரபணு வினைத்தொடரை முடுக்கும் புரதத்தைத் தருகிறது. இரண்டும் செயல்பட்டால் அரிசி சிவக்கும். ஆர்.சி. மட்டும் செயல்பட்டால் பழுப்பாகும். ஆர்.சி. செயலிழந்தால் வெள்ளையாகும்.

வெள்ளரிசி வகைகளுள் பெரும்பாலானவற்றில் ஆர்.சி. மரபணுவின் 14 கார இணைகள் நீங்கியுள்ளமையை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. இம்மாற்றம் நெல் வளர்ப்புப் பயிராகிய தொல்காலத்தில் மனிதத் தேர்வால் பரவியதாகும். எனவே வெள்ளரிசி பசுமைப் புரட்சியின் விளைவன்று. சங்க நூல்களில் செந்நெல், வெண்ணெல் ஆகிய இரு சொற்களும் பயில்கின்றன. எனினும் உமியின் நிறத்தை வேறு மரபணுக்கள் முடிவு செய்வதால், அச்சொற்களை அரிசியின் நிறத்திற்கு நேர்ச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நவீன இனங்கள் அனைத்தும் வெள்ளை என்பதும் சரியன்று. ஐ.ஆர். 8ஐப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்ட டி.கே.எம். 9 செவ்வரிசி தருவது. மறுபுறம், சீரகச் சம்பா, தூயமல்லி ஆகிய மரபு நெல்கள் வெள்ளரிசி தருவன. உரலில் குத்திய அரிசியில் தவிடு ஓரளவு எஞ்சும். ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு நிறமும் நீங்கும். ஆகவே உண்கலத்தில் செந்நிறம் குறைந்தமைக்கு விதை மாற்றத்தோடு ஆலையும் காரணமாகும்.

தொல்காலத் தேர்வு, ஆலைத் தீட்டல், இருபதாம் நூற்றாண்டின் இனப்பெருக்கம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தவை. அவற்றை ஒன்றாக்கி நிறத்தை மட்டும் மரபின் அடையாளமாகக் கொண்டால், வெள்ளை மரபு நெல்கள் பாதுகாப்பு முயற்சிகளிலிருந்து விடுபட்டுப்போகும். காரைக்கால் போன்ற கடைமடைப் பகுதிகளின் நெல்வகைகளைத் தொகுக்கும்போது நிறத்தோடு வயது, நீர்த்தேவை, உவர்ப்பைத் தாங்கும் தன்மை ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும்.