கீழாநெல்லி லண்டன் போன கதை

எங்க ஊர் கோட்டுச்சேரி. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போற ரோட்டுல இருக்கு. பூவம் தாண்டினா தமிழ்நாடு ஆரம்பிச்சுடும். எங்க பக்கம்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு காரைக்கால் அம்மையார். இன்னொண்ணு விலை கம்மியான சரக்கு. இதனால எங்க ஊர் ஆளுக்கு ஈரல் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா யாரும் காரணம் கேட்கிறதே இல்லை. அவங்களே முடிவு பண்ணிடுவாங்க.

என் சித்தப்பா கதையும் அப்படித்தான் முடிஞ்சது. மனுஷன் வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சது கிடையாது. கல்யாண வீட்டுல பந்திக்கு அப்புறம் கூட்டம் கூடுற பக்கம்கூட போகமாட்டார். 2007-ல ஈரல் புற்றுநோய்ல போய்ச் சேர்ந்தப்போ, துக்கம் கேட்க வந்தவங்க வாசல்லயே நின்னு "உள்ளுக்குள்ள குடிச்சிருப்பான் போலருக்கு" என்று கிசுகிசுத்தது என் காதுலயே விழுந்தது. அன்னிக்கு வந்த கோபத்துல படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவில் இருக்கும் விஷயமெல்லாம். நான் டாக்டர் இல்லை. தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, வாங்கிக்கிறேன் :-)

சித்தப்பா கதை 1992-ல ஆரம்பிக்குது. வளைகுடா வேலைக்கு விசா வந்தாச்சு, பெட்டியும் வாங்கியாச்சு. மெடிக்கல் டெஸ்டுக்குப் போனவர் 'அன்ஃபிட்' என்று ஒரு தாளோட திரும்பி வந்தார். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி. உடம்புல ஒரு கோளாறும் இல்லை, கண்ணு மஞ்சளும் இல்லை. அப்பாயிக்கு இது புரியவே இல்லை. "காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கணுமேடா?" என்றார்.

நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல மஞ்சக்காமாலைன்னா வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். வயல் வரப்புல கீழாநெல்லியைப் பிடுங்கி, அம்மியில அரைச்சு, மோர்ல கலந்து வெறும் வயித்துல குடிக்கணும். உப்பில்லாப் பத்தியம். ரெண்டு மூணு வாரத்துல கண்ணு தெளிஞ்சிடும். தெளியத்தான் செய்யும், ஏன்னா நம்ம ஊர்க் காமாலையில பெரும்பாலானது கெட்ட தண்ணி மூலமா வர்ற ஏ வகையும் ஈ வகையும். அது அநேகம் பேருக்கு மருந்தே சாப்பிடாட்டாலும் தானாப் போயிடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு. பி வகை அப்படி இல்லை. ரத்தத்திலும் உடலுறவிலும் பரவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். வளர்ந்தவங்களுக்குத் தொற்றினால் நூத்துக்கு அஞ்சு பேருக்கும் குறைவாத்தான் அது நிரந்தரமாத் தங்கும். பச்சைக் குழந்தையாத் தொற்றினால் நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குத் தங்கிடும். முப்பது நாற்பது வருஷம் சத்தமே இல்லாம உட்கார்ந்திருக்கும்.

இந்த வைரஸைக் கண்டுபிடிச்ச கதையே ஒரு தற்செயல். பரூக் புளும்பர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தேடியது வைரஸை இல்லை. ஒவ்வொரு இன மக்களின் ரத்தப் புரதத்திலும் என்ன வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபீலியா நோயாளியின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு சேர்ந்தபோது வித்தியாசமான ஒரு கோடு விழுந்தது. அதுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வெச்சு 1965-ல் எழுதினாங்க. (அப்போது கூட இருந்த ஹார்வி ஆல்ட்டருக்கு, ஹெபடைடிஸ் சி விஷயத்துக்காக 2020-ல் நோபல் கிடைச்சது.) அது காமாலையோட சம்பந்தப்பட்டதுன்னு பிடிபட்டது அப்புறம்தான். 1967-ல் புளும்பர்க்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த பார்பரா வெர்னர் என்ற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. தன் ரத்தத்தைத் தானே சோதிச்சுப் பார்த்தார். அந்த ஆன்டிஜென் இருந்தது. இந்தச் சோதனையால ஹெபடைடிஸ் கண்டறியப்பட்ட முதல் ஆள் அவர்தான்னு சொல்றாங்க. நல்லவேளை, குணமாயிட்டார்.

1976-ல் புளும்பர்க்குக்கு நோபல். அதுக்கப்புறம் வந்ததுதான் வயித்துல புளியைக் கரைக்கிற ஆராய்ச்சி. தைவானில் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 22,707 ஆண்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்த்தது. யார் ரத்தத்துல பி வைரஸ் இருக்கு, யாருக்கு இல்லைன்னு முதல்லயே குறிச்சு வெச்சுட்டு, யாருக்கு ஈரல் புற்றுநோய் வருதுன்னு காத்திருந்தாங்க. 1981-ல் லான்செட்டில் முடிவு வந்தது. வைரஸ் இருந்தவங்களுக்குப் புற்றுநோய் அபாயம் மத்தவங்களை விட 223 மடங்கு. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவெல்லாம் இது பக்கத்துல நிக்க முடியாது.

இப்போ நம்ம கீழாநெல்லிக்கு வருவோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் துறையில் இருந்தவர் எஸ்.பி.தியாகராஜன். (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனவர்.) அவர் குழு 1982-லேயே கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் சோதனைக்குழாயில் போட்டு, பி வைரஸின் மேலுறைப் புரதத்தை அது செயலிழக்க வைக்குதுன்னு எழுதியிருந்தது. அந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியாவில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் புளும்பர்க்கிடம் வேலை பார்த்த வெங்கடேஸ்வரனும் இதே செடியைத்தான் கையில எடுத்திருந்தார். அங்கே உட்சக் என்று ஒரு பிராணி, அணில் ஜாதி, ஆனா பூனை அளவுக்கு இருக்கும், வளை தோண்டி வாழும். அதுக்கும் இதே மாதிரி ஒரு ஈரல் வைரஸ் உண்டு. செடிச்சாறு கொடுத்ததும் ரத்தத்துல வைரஸ் புரதம் குறைஞ்சதுன்னு 1987-ல் எழுதினாங்க. அதே வருஷம் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கிட்டாங்க. மஞ்சளுக்குக் காப்புரிமை கொடுத்துட்டு 1997-ல் ரத்து பண்ணினப்போ நாம எல்லாரும் குதிச்சோமே, அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே நம்ம வரப்புச் செடி போயாச்சு. அன்னிக்கு யாரும் குதிச்ச மாதிரி தெரியலை.

அப்புறம் மனுஷங்க கிட்ட சோதனை. சென்னையில் நடந்தது. 1988 அக்டோபர் 1-ம் தேதி லான்செட்டில் வந்தது. தியாகராஜன், புளும்பர்க் ரெண்டு பேர் பெயரும் அதில் இருக்கு. வைரஸைச் சுமந்துக்கிட்டிருந்தவங்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்குக் கீழாநெல்லிப் பொடி, இன்னொரு பக்கத்துக்கு வெத்து மருந்து. முப்பது நாள். முடிச்சு ரெண்டு மூணு வாரத்துல ரத்தத்தைப் பார்த்தா, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதம், வைரஸ் புரதத்தைக் காணோம். வெத்து மருந்துக்காரங்க 23 பேரில் ஒரே ஒருத்தருக்கு.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய ஒரு கணக்கு. நாள்பட்ட பி தொற்று உள்ளவங்களுக்கு அந்தப் புரதம் தானா மறையறது வருஷத்துக்கு நூத்துல ஒருத்தருக்கு மாதிரி. இன்னிக்கு இருக்கற விலையுயர்ந்த மாத்திரைகளாலகூட அதை லேசுல மறைய வைக்க முடியலை, வைரஸை அடக்கி வைக்கத்தான் முடியுது. இங்கே ஒரே மாசத்துல பாதிப்பேருக்கு மேல! நோபல் வாங்கினவர் பெயரும் கூட இருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது.

திரும்பிப் பார்த்தவங்க சும்மா இருப்பாங்களா? அவங்கவங்க ஊர்ல செய்து பார்த்தாங்க. தாய்லாந்தில் செய்தாங்க, பலிக்கலைன்னு 1990-ல் அதே லான்செட்டுக்குக் கடிதம் வந்தது. 1991-ல் நெதர்லாந்துக்காரங்க எங்களுக்கும் அந்தப் பலன் தெரியலைன்னாங்க. 1994-ல் நியூசிலாந்தும் கைவிரிச்சது. சென்னைக் குழுவும் பதில் எழுதினாங்க. செடி எந்த ஊர் மண்ணுல வளர்ந்தது, எப்போ பறிச்சது, எந்த இனம்னு பார்க்கணும் என்பது இந்தப் பக்கத்து வாதம்.

இனம் என்ற வாதத்தைச் சும்மா சாக்குன்னு தள்ள முடியாது. இலைக்கு அடியில வரிசையாக் காய் தொங்குற இந்தச் செடிக்கு ரொம்ப நாளா இந்தியாவில் ஃபில்லாந்தஸ் நிரூரின்னு பெயர் எழுதிக்கிட்டிருந்தாங்க. அது உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடியின் பெயர். நம்மூர்ச் செடி ஃபில்லாந்தஸ் அமாரஸ். 1987-ல் ஒரு பெயர், 1988-ல் இன்னொரு பெயர் என்று கட்டுரைத் தலைப்பே மாறியிருக்கு. இதுல எனக்குப் பிடிச்ச ஒரு துணுக்கு: அமாரஸ் என்று பெயர் வெச்சது 1827-ல் கோபன்ஹேகனில், ஷூமாக்கர் என்ற டேனிஷ்காரர். பார்த்தது ஆப்பிரிக்காவின் கினிக் கரையில் டேனிஷ்காரங்க வெச்சிருந்த இடத்துல தோனிங் சேகரிச்ச செடியை. அதே வருஷம் அதே டேனிஷ் கொடிதான் எங்க ஊருக்கு வடக்கே தரங்கம்பாடிக் கோட்டை மேலயும் பறந்துக்கிட்டிருந்தது, 1845-ல் வெள்ளைக்காரனுக்கு வித்துட்டுப் போற வரைக்கும். அந்தச் செடி தரங்கம்பாடி வரப்புலயும் முளைச்சிருக்கும். பெயர் என்னவோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது.

சரி, முடிவு என்ன? 2011-ல் காக்ரேன் குழு எல்லாச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்தது. வெத்து மருந்தோட ஒப்பிட்டு கீழாநெல்லிக் குடும்பம் பி தொற்றுக்கு உதவும்னு நம்பத்தக்க ஆதாரம் இல்லைன்னு எழுதிடுச்சு. அதே வருஷம் ஏப்ரலில் புளும்பர்க்கும் காலமானார்.

சென்னைக்காரங்க ஏமாத்தினாங்கன்னு நான் நினைக்கலை. கட்டுரையிலேயே 'முதற்கட்ட ஆய்வு' என்றுதான் போட்டிருக்காங்க. சின்ன எண்ணிக்கை, குறுகிய காலம், ஒரு பக்கம் 37 பேர் இன்னொரு பக்கம் 23 பேர். இப்படிப்பட்ட முதல் ஆய்வுகள் பிரமாதமா ஆரம்பிச்சு அப்புறம் சுருங்கிப் போறது மருத்துவத்துல சகஜம். நம்ம பாட்டி வைத்தியத்தைப் பாட்டி சொன்னாங்கன்னு விட்டுடாம, வெத்து மருந்து வெச்சுச் சோதிச்சு, மத்தவங்களும் சோதிக்கிற மாதிரி எழுதி வெச்சாங்களே, அந்தத் தைரியத்துக்கு என் மரியாதை உண்டு. தப்புன்னு தெரிஞ்சதே அவங்க அப்படி எழுதி வெச்சதாலதான்.

பிரச்சினை வேற இடத்துல. கட்டுரை கோட்டுச்சேரிக்கு வந்து சேர நாலு வருஷம் ஆச்சு. வர்ற வழியில 'முதற்கட்ட' உதிர்ந்து போச்சு. சித்தப்பாவுக்கு அன்ஃபிட் ஆனப்போ, யாரோ ஒரு பேப்பர் துணுக்கைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. "அமெரிக்காக்காரனே ஒத்துக்கிட்டான் தம்பி, நோபல் பரிசு வாங்கின ஆளு." ஒரு மண்டலம், தினமும் காலையில அப்பாயி கையால மோர்ல கலந்து குடிச்சார். ஒரு மண்டலம் முடிஞ்சதும் சரியாப் போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். நானும்தான். திரும்ப ஒரு தடவை ரத்தம் பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. வளைகுடா ஆசையை விட்டுட்டு ஊரோட சைக்கிள் கடை போட்டார்.

1992-ல் அவர் கீழாநெல்லி குடிச்சது முட்டாள்தனம்னு இன்னிக்கும் சொல்லமாட்டேன். அப்போ வேற என்ன இருந்தது? இன்டர்ஃபெரான் ஊசி இருந்தது, எங்க வீட்டு வசதிக்கு அது ஆகாயத்துல இருந்தது. லாமிவுடின் மாத்திரை 1998-ல்தான் வருது, என்டெகாவிர் 2005, டெனோஃபோவிர் 2008. ஆனா ரெண்டு விஷயம் செய்திருக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேனும் ரத்தமும் பார்த்திருக்கலாம். சித்திக்கும் பிள்ளைகளுக்கும் சோதிச்சு, இல்லாதவங்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கலாம். ஊசி 1981-லேயே அமெரிக்காவில் வந்தாச்சு. அதுக்கு விதை போட்டவரும் இதே புளும்பர்க்தான், சகா இர்விங் மில்மனோட சேர்ந்து. இறக்குமதி விலைதான் கிட்ட நெருங்க விடலை. 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் சொந்தமா தயாரிச்சு விலையை அடிச்சு நொறுக்கின பிறகுதான் நம்ம மாதிரி வீடுகளுக்கு எட்டினது.

தைவான்காரங்க 1984-லேயே பிறந்த குழந்தைகளுக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. 1997-ல் அதோட பலனை எழுதினாங்க: 6 முதல் 14 வயசுப் பிள்ளைகளில் ஈரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70-லிருந்து 0.36 ஆக, கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சிருந்தது. ஒரு தடுப்பூசி போட்டு ஒரு புற்றுநோய் குறைஞ்சதைக் கண்ணால பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்தியா 2002-ல் சில இடங்களில் தொடங்கி, 2011-12 வாக்கில்தான் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. பெரியவங்களுக்கு இலவச சோதனை, மாத்திரை எல்லாம் 2018 ஜூலை 28-ல் தொடங்கின தேசியத் திட்டத்துலதான் வருது. அந்தத் தேதி புளும்பர்க் பிறந்தநாள். 2022 கணக்குப்படி இந்தியாவில் 2.98 கோடிப் பேர் பி வைரஸோட இருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியவே தெரியாதுன்னு நான் நினைக்கிறேன், எங்க வீட்டை வெச்சு.

2006 கடைசியில சித்தப்பாவுக்கு வயிறு வீங்க ஆரம்பிச்சது. பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" இல்லைன்னார். "எந்த ஊர்?" காரைக்கால் பக்கம்னார். டாக்டர் மறுபடி கேட்டார், "உண்மையைச் சொல்லுங்க, எவ்வளவு குடிப்பீங்க?" மூணாவது தடவை கேட்டப்போ சித்தி வெளியே எழுந்து போயிட்டாங்க. ரத்த ரிசல்ட் வந்த பிறகுதான் அவர் சித்தப்பா பக்கம் திரும்பி, "ஸாரி" என்றார். சித்தப்பா சிரிச்சார்.

அப்புறம் வீட்டுல எல்லாருக்கும் சோதிச்சோம். சித்திக்கு இல்லை, என் தம்பிக்கு, அதான் சித்தப்பா மகனுக்கு, இல்லை. எனக்கும் இல்லை, மூணு ஊசி போட்டுக்கிட்டேன். அத்தைக்கு இருந்தது. அப்பாயி அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டதால, இது எங்கிருந்து வந்ததுன்னு கேட்க ஆள் இல்லை. பிரசவத்துலயே ரெண்டு பேருக்கும் வந்திருக்கும்னுதான் டாக்டரும் நினைச்சார். அத்தை இப்போ தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை போட்டுக்கிறாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். மாத்திரையோட கீழாநெல்லி மோரும் விடாமக் குடிக்கிறாங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா அத்தேன்னு கேட்டா, "அவரு கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்கிறாங்க.