தரையும் தூரமும்: மன்னார்க் கிட்டிப்புள் பற்றி ஒரு கருத்து

அயர்லாந்தின் கோர்க், ஆர்மா பகுதிகளில் ஊர்வீதியே ஆடுகளம். ஏறத்தாழ 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டை வீதிவழியே எறிந்து, குறித்த தூரத்தைக் குறைந்த எறிகளில் கடப்பவர் வெல்கிறார். உருளும் குண்டை மட்டும் பார்த்தால் இதற்கு இணையானது நம்மிடம் இல்லை எனத் தோன்றும். வெற்றி எதனால் தீர்மானமாகிறது என்று கேட்டால், அதன் நெருங்கிய உறவு கிட்டிப்புள் என்பது புலப்படும். இரண்டிலும் கடந்த தூரமே தீர்ப்பு.

கிட்டிப்புள்ளில், சிறு குழியின்மேல் புள் எனும் சிறு மரத்துண்டைக் குறுக்கே வைத்துக் கோலால் கெந்துவார்கள். எதிரணி ஏந்திப் பிடித்துவிட்டால் ஆட்டம் போயிற்று. தப்பினால், கூராக்கிய முனையில் ஒரு தட்டு. புள் துள்ளி எழும். அது அந்தரத்தில் நிற்கும் அந்தக் கணத்தில் அடி விழவேண்டும். பிறகு புள் விழுந்த இடத்துக்கும் குழிக்கும் இடைப்பட்ட தூரத்தை, அடித்த கோலாலேயே குனிந்து குனிந்து அளந்து எண்ணுவார்கள். அயர்லாந்தில் தூரத்தை நிலையாக வைத்து எறிகளை எண்ணுகிறார்கள். இங்கே அடிக்குத் தூரத்தை எண்ணுகிறோம். கணக்கு ஒன்றுதான்.

ஏன் அங்கே உருண்டது, இங்கே பறந்தது? தரையைப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. மன்னார்த் தீவின் பேசாலையிலும் தலைமன்னாரிலும் பனைகளுக்கிடையே கிடப்பது மணல். இரும்புக் குண்டு அதில் புதையும். மரப்புள்ளுக்கோ காற்றே வழி. சோளகம் வீசும் மாதங்களில் அந்தக் காற்றும் ஆட்டத்தில் பங்காளி.

கரிசல் மண்ணிலும் கிட்டிப்புள் ஆடப்படுகிறதே என்று மறுக்கலாம். சரியான மறுப்பு. மண் ஆட்டத்தைப் பிறப்பிப்பதில்லை. வந்த ஆட்டங்களில் தனக்கு ஏற்றதை நிலைக்கவிடுகிறது. வடமேற்கு ஜேர்மனியின் பிரீசிய மக்கள் உறைந்த வயல்வெளியில் குண்டை வானில் வீசுகிறார்கள், வீதியில் உருட்டுகிறார்கள். ஒரே மக்கள், இரு தரைகள், இரு ஆட்டங்கள்.

மன்னார்க் கிட்டிப்புள் பற்றிய ஆய்வைத் தீவின் எல்லைக்குள் முடிக்க இயலாது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்களின் ஆட்டமுறைகளும் எண்ணிக்கைச் சொற்களும் நினைவுகளாகப் புத்தளத்துக்குப் போயின. கிட்டிப்புள்ளின் எண்ணும் சொற்கள் ஊருக்கு ஊர் மாறுபவை. எழுத்தில் இல்லாதவை, ஆடியவர்களின் வாயில் இருப்பவை. அவர்கள் இன்று மூப்படைந்துவிட்டார்கள். நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு பேசாலைக்கும் புத்தளத்துக்கும் இப்போதே போகவேண்டும்.